ஊர்ப்பொது வண்டி

கால் வலிவுடையோர்க்கு வழியின் அருமை தெரியாது. வீட்டை விட்டிறங்கித் தெருக்கோடி வரை நடந்து, வந்த பஸ்ஸில் ஏறி, வேண்டிய இடத்தில் இறங்குதல் என்னும் சிறு செயலை நாம் நாள்தோறும் ஒரு பொருட்டாக எண்ணாமலே செய்துவிடுகின்றோம். எழுபது கடந்த மூதாட்டி ஒருத்திக்கும், ஊன்றுகோலின்றி நிற்கவியலாத இளைஞன் ஒருவனுக்கும் அதே செயல் மலையேறுவது போன்ற பெருமுயற்சியாகும். வைத்தியசாலை இருக்கின்றது, மருந்து விலையின்றிக் கிடைக்கின்றது, வைத்தியரும் காத்திருக்கின்றார். எனினும் அங்கே போய்ச் சேர வகையில்லாமையால் அவையனைத்தும் அன்னார்க்கு இல்லாதனவே ஆகின்றன.

சுவிசேஷங்களைப் படிப்போர் இவ்வுண்மையை இரண்டிடங்களில் காணலாம். மாற்கு எழுதிய நூலின் 2-ஆம் அதிகாரத்தில், திமிர்வாதக்காரன் ஒருவனை நால்வர் சுமந்து வந்து, கூட்டத்தினால் வாயில் அடைபட்டிருக்கக் கண்டு, கூரையைப் பிரித்து உள்ளே இறக்கினர். யோவான் எழுதிய நூலின் 5-ஆம் அதிகாரத்தில், 38 ஆண்டுகள் பிணியுற்றிருந்த ஒருவன் பெதஸ்தா குளத்தருகே கிடக்கின்றான். தன்னைத் தூக்கிக் குளத்தில் விட ஒருவரும் இல்லை என்பதே அவன் கூறிய குறை. முன்னவனுக்கு நால்வர் இருந்தனர், பின்னவனுக்கு ஒருவருமிலர். இருவருக்கும் இடையேயிருந்த வேறுபாடு துணையைப் பற்றியதேயாம்.

இவ்வேறுபாட்டைப் போக்கும்பொருட்டு ஊரார் கூடி நடத்தும் வண்டி ஏற்பாடுகளைப் பற்றியும், அவை நன்கு வேரூன்றிய பிரிட்டன் தேசத்து அனுபவத்தைப் பற்றியும், நம் தமிழ்நாட்டுக் கிராமங்களின் இன்றைய நிலையைப் பற்றியும் ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

ஊர்ப்பொது வண்டி யாது?

பிரயாண வசதிகள் பொதுவாக இருவகையின. ஒன்று, குறித்த வழியில் குறித்த நேரத்தில் ஓடும் பஸ்ஸும் இரயிலும். மற்றொன்று, நாம் அழைத்த இடத்திற்கு வரும் வாடகைக் கார், ஆட்டோ முதலியன. முன்னதில் கட்டணம் குறைவு. ஆனால் பிரயாணி வண்டியிருக்கும் இடத்திற்குச் செல்லவேண்டும். பின்னதில் வண்டி பிரயாணியிடம் வரும். ஆனால் கட்டணம் மிகுதி. கைப்பொருளும் குறைந்து கால்வலிவும் குறைந்தோர் இவ்விரண்டிற்கும் நடுவே அகப்பட்டுக் கொள்கின்றனர். அவர்கள் பொருட்டு, இலாபம் கருதாத சங்கமொன்று, அடக்க விலையளவிலோ அதனினும் குறைவாகவோ கட்டணம் பெற்று, வாசலுக்கே வந்து ஏற்றிச் செல்லும் வண்டியைத்தான் ஊர்ப்பொது வண்டி என்று இக்கட்டுரையில் வழங்குகின்றோம்.

இது மூவகைப்படும். முதலாவது, தொண்டர் தம் சொந்தக் காரில் அயலாரை அழைத்துச் செல்லுதல். இரண்டாவது, முன்கூட்டித் தொலைபேசியில் சொல்லிவைத்தவர்களை வீடு வீடாகச் சென்று ஏற்றிவரும் சிறு பஸ். மூன்றாவது, வாணிக முறையில் எவரும் பஸ் ஓட்ட முன்வராத வழியில், ஊராரே குழு அமைத்து எல்லாருக்குமாக ஓட்டும் பஸ்.

நாட்டுப்புறத்தில் இடர் மிகுதியாவது ஏன்?

நகரத்திலும் முதியோர் உளர்; உடற்குறையுடையோர் உளர். ஆயினும் இடர் நாட்டுப்புறத்திலேயே கூடுதலாக இருப்பதற்குக் காரணங்கள் பல.

தூரம் முதற்காரணம். தாலுகா ஆஸ்பத்திரியும், பாங்கும், பென்ஷன் பெறும் அலுவலகமும் பெரும்பாலும் பல மைலுக்கு அப்பால் உள்ளன. மக்கள் சிதறி வாழ்தல் இரண்டாங் காரணம். ஐம்பது பேர் ஏறவேண்டிய பஸ்ஸில் ஐவரே ஏறுவராயின் அது நெடுநாள் ஓடாது. ஓடினும் காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையுமே ஓடும். அப்பொழுது பத்து நிமிட வேலைக்காக ஒரு பகல் முழுவதும் வெளியே கழிக்க நேரிடும். நீரிழிவுடையோர்க்கும், அடிக்கடி சிறுநீர் கழிக்கவேண்டிய முதியோர்க்கும் அது எத்துணை வருத்தம் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

மூன்றாங் காரணத்தைப் பலரும் கவனிப்பதில்லை. வீட்டுவாசலுக்கும் பஸ் நிற்குமிடத்திற்கும் இடையேயுள்ள அரை மைலே அது. மழையில் சேறாகும் மண்பாதை, வாய்க்காலின்மேல் போட்ட ஒற்றைக்கல், நிழலும் இருக்கையும் இல்லாத நிறுத்தம், அதன்பின் பஸ்ஸின் உயர்ந்த படி ஆகிய இவற்றுள் ஒன்று தடைப்பட்டாலும் பிரயாணம் முழுவதும் தடைப்படும். பத்துக் கண்ணிகளுள் ஒன்பது உறுதியாயிருந்தும் ஒன்று அற்றால் சங்கிலி பயன்படாதவாறு போன்றது இது. ஆதலின் பஸ் ஓடுகின்றதா என்று கேட்பது மட்டும் போதாது. வாசலிலிருந்து வைத்தியரின் அறை வரையிலும், அங்கிருந்து மீண்டும் வாசல் வரையிலும் வழி முழுமையாக உளதா என்று கேட்டல் வேண்டும்.

நான்காவதாக, குடும்பத்தின் மாறுதலையும் குறிப்பிடவேண்டும். மகனும் மருமகளும் வேலைதேடி நகரம் சென்றுவிட, கிழவனும் கிழவியும் மட்டும் வீட்டில் இருத்தல் இன்று எந்நாட்டிலும் காணப்படும் காட்சியாகும். முற்காலத்தில் கட்டிலோடு தூக்கிச் செல்லவும் மாட்டுவண்டி கட்டவும் வீட்டிலேயே ஆள் இருந்தனர். இன்று அந்த ஆளை ஊர்தான் தரவேண்டும்.

பிரிட்டனில் இம்முறை வளர்ந்த வரலாறு

பிரிட்டனில் நாட்டுப்புறத்து மக்கள் நெடுங்காலம் கிளை இரயில்களை நம்பியிருந்தனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மோட்டார் கார்கள் பெருகப் பெருக, இரயிலுக்கு வருமானம் குறைந்தது. 1963-இல் ரிச்சர்டு பீச்சிங் என்பவர் அளித்த அறிக்கை, 2,000-க்கு மேற்பட்ட நிலையங்களையும் ஏறத்தாழ 5,000 மைல் நீளமுள்ள பாதைகளையும் மூடுமாறு பரிந்துரைத்தது. அவற்றுட் பெரும்பகுதி மூடப்பட்டது. இரயில் போன இடத்தில் பஸ் வரும் என்றனர். வந்த பஸ்களும் பல இடங்களில் நிலைக்கவில்லை. கார் உடையோர்க்குக் குறையில்லை. கார் ஓட்ட இயலாத முதியோரும், பார்வையிழந்தோரும், முடவரும் பின்தங்கினர்.

இந்நிலையில் சில புதிய முயற்சிகள் தோன்றின. தபால் எடுத்துச்செல்லும் வண்டியிலேயே சில பிரயாணிகளையும் ஏற்றிச்செல்லும் முறை 1967-இல் வேல்ஸ் நாட்டு லானிட்லோஸ் என்னும் ஊரில் தொடங்கிற்று. பின் ஸ்காத்லாந்து முதலிய இடங்களிலும் பரவி, பல்லாண்டுகள் நடந்து, தபால் முறைகள் மாறியபின் மறைந்தது. மற்றொருபால், திருச்சபைகளும் பள்ளிகளும் தொண்டுச் சங்கங்களும் தத்தமக்கென வாங்கி வைத்திருந்த சிறு பஸ்கள், வாரத்தில் பல மணி நேரம் வாளா நின்றிருந்தன. அவற்றில் முதியோரை ஏற்றிப் பெட்ரோல் செலவுக்குச் சிறிது பணம் பெற்றால் என்ன என்னும் எண்ணம் இயல்பாகவே எழுந்தது.

ஆனால் சட்டம் குறுக்கே நின்றது. பணம் வாங்கி ஆளேற்றுபவன் எவனாயினும் வாணிக பஸ் முதலாளியைப் போலவே முழு லைசென்ஸும் பெறவேண்டும் என்பது விதி. இத்தடையை 1977-ஆம் ஆண்டுச் சிறு பஸ் சட்டம் நீக்கியது. கல்வி, சமயம், சமூக நலம் முதலிய நோக்கங்களுக்காக உழைக்கும் சங்கங்கள், இலாபம் கொள்ளாமல், எளிய அனுமதிச் சீட்டொன்றைப் பெற்றுச் சிறு பஸ் நடத்தலாம் என்று அது வகுத்தது. அடுத்த ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், தொண்டர்கள் ஓட்டும் ஊர் பஸ்ஸுக்கும் இடமளித்தது. இவையிரண்டும் பின்னர் 1985-ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டத்தின் 19-ஆம் பிரிவிலும் 22-ஆம் பிரிவிலும் அமைந்து இன்றளவும் வழங்குகின்றன. 19-ஆம் பிரிவின்படி ஓடும் வண்டி, சங்கத்தின் உறுப்பினர்க்கும் அது தொண்டு செய்யும் மக்கட்கும் மட்டுமே உரியது. 22-ஆம் பிரிவின்படி ஓடும் வண்டியில் வழியில் நிற்கும் எவரும் ஏறலாம்.

இதே 1985-ஆம் ஆண்டுச் சட்டம் வேறொரு மாறுதலையும் செய்தது. 1986 அக்டோபர் 26 முதல், லண்டன் நீங்கலாகப் பிரிட்டன் முழுவதிலும், பஸ் முதலாளிகள் தாம் விரும்பிய வழியில் ஓட்டவும் விரும்பாத வழியைக் கைவிடவும் உரிமை பெற்றனர். வருவாய் மிக்க நகர வழிகளில் போட்டி மிகுந்தது. நாட்டுப்புற வழிகளோ பெரும்பாலும் உள்ளூராட்சி மன்றங்களின் மானியத்தை எதிர்நோக்கி நின்றன. மானியம் குறைந்த காலத்தில் பஸ்ஸும் குறைந்தது. அவ்வெற்றிடத்தை ஊர்ப்பொது வண்டிகள் தம்மால் இயன்றமட்டும் நிரப்பின.

நடைமுறை எவ்வாறு?

தொண்டர் கார் முறையை முதலில் நோக்குவோம். இதற்கு வேண்டும் மூலதனம் மிகச் சிறிது. ஒரு தொலைபேசி, ஒரு பதிவுப் புத்தகம், பொறுமையுள்ள ஓர் அமைப்பாளர், சொந்தக் காருடைய சில தொண்டர்கள் ஆகியன போதும். வைத்தியசாலைக்குச் செல்லவேண்டியவர் இரண்டொரு நாள் முன்னரே அமைப்பாளரிடம் சொல்லிவைப்பார். நடக்க வல்லவரா, ஊன்றுகோல் உண்டா, சக்கரநாற்காலி மடிக்கத்தக்கதா, காது கேட்குமா, துணைக்கு ஒருவர் வருவாரா என்பன போன்ற வினாக்களை அமைப்பாளர் கேட்டுக் குறித்துக்கொள்வார். பின் அப்பக்கத்துத் தொண்டர்களுள் அன்று ஓய்வுள்ளவர் யாரெனப் பார்த்து ஏற்பாடு செய்வார். தொண்டர் கதவைத் தட்டி, கைகொடுத்து இறக்கி, காரில் ஏற்றி, வைத்தியசாலையில் உரிய இடத்தில் கொண்டுபோய் உட்கார்த்தி, வேலை முடியும் வரை காத்திருந்து திரும்பவும் அழைத்து வருவார்.

தொண்டருக்குக் கூலி இல்லை. காரின் செலவு மட்டும் திருப்பித் தரப்படும். இதற்கு அந்நாட்டு வருமான வரித்துறை 2011-இல் மைலுக்கு 45 பென்ஸ் என ஓர் அளவு வகுத்தது. அவ்வளவு வரையில் பெறுவது (ஆண்டுக்கு முதல் 10,000 மைல் வரை) வருமானமாகக் கருதப்படாது. ஓர் உதாரணங் கொள்வோம். தொண்டர் வீட்டிலிருந்து நோயாளியின் வீடு 4 மைல். அங்கிருந்து வைத்தியசாலை 14 மைல். போக்கும் வரவுமாக 36 மைல் ஆகும். மைலுக்கு 45 பென்ஸ் வீதம் 16 பவுன் 20 பென்ஸ். இவற்றுள் நோயாளி காரில் இருந்தது 28 மைலே. எஞ்சிய 8 மைல் வெறும் வண்டியோட்டம். நாட்டுப்புறத்தில் இவ்வெறும் ஓட்டமே செலவைப் பெருக்குவது. ஆதலின் ஒவ்வொரு சிற்றூரிலும் ஒரு தொண்டரேனும் இருக்குமாறு சேர்ப்பதே நல்ல அமைப்பாளரின் திறமையாகும். அருகிலுள்ள இருவர்க்கு ஒரே நாளில் வைத்தியரைக் காண ஏற்பாடு செய்துகொள்வதும் செலவைப் பாதியாக்கும்.

இனி, சிறு பஸ். இதில் 16 பேர் வரை அமரலாம். பின்புறம் சக்கரநாற்காலியை அப்படியே மேலேற்றும் இயந்திரத் தட்டு, அல்லது சாய்வுப்பலகை பொருத்தப்பட்டிருக்கும். நாற்காலியை உள்ளே கொணர்ந்தபின் அதனை நான்கு இடங்களில் தரையோடு வாரிட்டுக் கட்டுவர்; அதன்பின் அமர்ந்திருப்பவர்க்குத் தனியே ஒரு வார் கட்டுவர். நாற்காலியைக் கட்டியதே ஆளையும் காக்கும் என்று எண்ணுதல் தவறு. பிரேக் போட்ட கணத்தில் நாற்காலி நிற்கும், ஆள் முன்னே வீழ்வார். ஆதலால் ஓட்டுநருக்கு வண்டி ஓட்டுதலோடு, ஏற்றியிறக்கும் முறையும் கற்பிக்கப்படுகின்றது. எவரை முதலில் ஏற்றுவது, எவரைக் கடைசியில் இறக்குவது என்பதும் ஒரு கணக்கே. முதலில் ஏறியவர் ஒரு மணி நேரம் ஊர்சுற்ற நேரிடாதபடி வழி வகுத்தல் வேண்டும்.

இவ்வண்டிகள் வைத்தியசாலைக்கு மட்டும் செல்வன அல்ல. கடைவீதிக்கும், கோயிலுக்கும், முதியோர் கூடி உண்ணும் பகல் விருந்துக்கும், உறவினர் வீட்டிற்கும் செல்லும். இது வீண்செலவென்று சிலர் கருதலாம். தனிமை முதியோரின் உடலையும் உள்ளத்தையும் ஒருங்கே கெடுக்கும் என்பதை வைத்தியர்கள் இன்று ஒப்புக்கொள்கின்றனர். வாரம் ஒருமுறை வெளியே வருபவரின் முகத்தை ஓட்டுநர் பார்க்கின்றார், இளைத்திருந்தால் கேட்கின்றார், கதவு திறக்கப்படாவிடில் அயலாரை அழைக்கின்றார். வண்டி இவ்வாறு காவலாகவும் அமைகின்றது.

அங்கும் உள்ள குறைகள்

பிரிட்டன் ஏற்பாடு குறையற்றதென்று எண்ணிவிடலாகாது. இங்கிலாந்தில் 2008 ஏப்ரல் 1 முதல் முதியோரும் உடற்குறையுடையோரும் நாட்டின் எப்பகுதியிலும் உள்ளூர் பஸ்களில் கட்டணமின்றிச் செல்ல உரிமை பெற்றனர். அது சிறந்த சலுகையே. ஆனால் பஸ்ஸே இல்லாத ஊரில் அச்சீட்டினால் பயன் யாது? அன்றியும், 22-ஆம் பிரிவின்படி ஓடும் ஊர் பஸ்ஸில் செல்லுபடியாகும் அச்சீட்டை, 19-ஆம் பிரிவின்படி வாசலுக்கு வரும் வண்டியிலும் தொண்டர் காரிலும் ஏற்றாகவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. ஆகவே, பஸ் ஏறும் வலிவுடையவர் கட்டணமின்றிச் செல்ல, பஸ் ஏற வலிவில்லாதவர் பணம் கொடுத்துச் செல்லும் முரண்பாடு நிகழ்கின்றது.

மற்றொரு குறை ஓட்டுநர் பற்றியது. 1997-க்கு முன் கார் லைசென்ஸ் பெற்றவர்கள் அதனைக்கொண்டே சிறு பஸ்ஸும் ஓட்டலாம். 1997 ஜனவரி 1 முதல் அவ்வுரிமை தானே கிடைப்பதில்லை. கனமான சிறு பஸ்களை ஓட்ட வேறு பரீட்சை தேறவேண்டும். எனவே பழைய உரிமையுடைய தொண்டர்கள் மூப்படைய மூப்படைய, அவரிடத்தில் இளையோர் வருவது அரிதாகின்றது. தொண்டர்களுட் பலர் தாமே எழுபதை எட்டியவர்கள். 2020-ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க் காலத்தில் முதியோர் வீட்டிலேயே இருக்கவேண்டுமென அறிவுறுத்தப்பட்டபொழுது, ஏற்றிச்செல்வோரும் ஏறிச்செல்வோரும் ஒருங்கே வீட்டில் அடைபட்டனர். அன்பினை மட்டும் அடிப்படையாகக் கொண்டு கட்டிய வீடு அழகியதே. எனினும் அதற்குப் பொதுப்பணமும் இளைஞர் கூட்டமும் தூண்களாக நில்லாவிடின் அது காற்றுக்கு ஆடும்.

நம் நாட்டு நிலை

இனி நம் நாட்டை நோக்குவோம். 2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டோர் 10 கோடிக்கு மேற்பட்டிருந்தனர். அவருள் பத்தில் ஏழு பங்கினர் கிராமவாசிகள். உடற்குறையுடையோர் 2 கோடியே 68 இலட்சம். அவருள்ளும் ஏறத்தாழ 1 கோடியே 86 இலட்சம் பேர் கிராமங்களில் வாழ்ந்தனர். தமிழ்நாட்டில் அத்தகையோர் 12 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. மக்கள் தொகையில் முதியோரின் விகிதம், நாடு முழுவதற்கும் நூற்றுக்கு 8.6 ஆக இருக்க, தமிழ்நாட்டில் 10.4 ஆக இருந்தது. நம் மாநிலத்தில் முதியோரின் பங்கு நாட்டின் சராசரியினும் மிகுதி என்பது இதனாற் புலனாம்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று கூறுதல் நேர்மையன்று. பெரிய பஸ் செல்லாத சிற்றூர்களுக்காக மினி பஸ் திட்டம் 1997-இல் வகுக்கப்பட்டது. 2025-இல் புதிய திட்டமொன்றும் தொடங்கப்பட்டது. 2021-இல் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பிரயாணம் அளிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே மாற்றுத் திறனாளிகளும், அவருடன் செல்லும் துணையாள் ஒருவரும் அவ்வாறே செல்ல வழி செய்யப்பட்டது. கால் இழந்தோர்க்கு, பக்கச் சக்கரங்கள் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர்கள் வழங்கப்பட்டு வந்துள்ளன. நடுவண் அரசாங்கத்தார் 2016-இல் இயற்றிய மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், பஸ்ஸும் பஸ் நிலையமும் அவர்கள் பயன்படுத்தத்தக்கனவாய் இருத்தல் வேண்டுமென விதிக்கின்றது.

நோயாளியை மருந்தினிடம் கொண்டுசெல்வதற்கு மாறாக, மருந்தை நோயாளியினிடம் கொண்டுசெல்லும் வழியும் கையாளப்பட்டுள்ளது. 2021 ஆகஸ்டு 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தின்படி, இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளும், உடற்பயிற்சிச் சிகிச்சையும் வீட்டிற்கே வரலாயின. 2025 ஆகஸ்டில் 70 வயது கடந்தோர்க்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள்களை வீட்டிற்குக் கொணரும் ஏற்பாடும் தொடங்கிற்று. இவை மிக நல்லனவே. ஆயினும் எக்ஸ்ரே இயந்திரத்தையும் அறுவைச் சிகிச்சை அறையையும் வாசலுக்குக் கொணர இயலாது. மனிதர் முகம் காணவேண்டும் என்னும் ஆசையையும் பொட்டலங் கட்டி அனுப்ப இயலாது. 2008 முதல் ஓடும் 108 ஆம்புலன்ஸ் ஆபத்துக் காலத்திற்கு உரியது. மாதந்தோறும் வைத்தியரைக் காணச் செல்வதற்கு அதனை அழைத்தல் முறையன்று. ஆகவே ஆபத்துக்கும் நலத்துக்கும் இடையேயுள்ள அன்றாடப் பிரயாணமே இன்னும் வழியற்று நிற்கின்றது.

வண்டி ஒன்றினால் எத்துணைப் பயன் விளையும் என்பதற்கு நம்மிடையே ஒரு சிறந்த சான்று உண்டு. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் வைத்தியசாலையார், கிராமந்தோறும் கண் சோதனை முகாம்கள் நடத்தலாயினர். அறுவைச் சிகிச்சை இலவசம் என்றவுடன் மக்கள் திரண்டு வந்துவிடுவர் என்றே எவரும் எண்ணுவர். ஆனால் பஸ் செலவும், சாப்பாட்டுச் செலவும், கூட வர ஆளின்மையும், தனித்துச் செல்லும் அச்சமும் பலரைத் தடுத்தன. எனவே, புரை கண்டவர்களை முகாமிலிருந்தே பஸ்ஸில் ஏற்றிச் சென்று, உணவும் இடமும் அளித்து, சிகிச்சை முடிந்தபின் திரும்பக் கொணர்ந்துவிடும் முறை ஏற்பட்டது. ஒரே ஊரார் ஒரே பஸ்ஸில் செல்லுதலால் ஒருவர்க்கொருவர் துணையாயினர். கண்ணொளி பெற்றோர் பலர்க்கு அவ்வொளி வைத்தியரின் கையால் மட்டும் வந்ததன்று. அந்தப் பஸ்ஸின் சக்கரங்களாலும் வந்ததாகும்.

வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியைத் தோற்றுவித்த டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரும், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, நோயாளிகள் வந்து சேரட்டும் எனக் காத்திராமல், சாலை வழியே வண்டியிற் சென்று மரநிழலில் வைத்தியம் செய்தார்கள். அவ்வைத்தியசாலையில் பணியாற்றி, 1954-இல் மோட்டார் விபத்தினால் இடுப்பிற்குக் கீழ் உணர்விழந்தும் மனந்தளராது, சக்கரநாற்காலியில் அமர்ந்தே அறுவைச் சிகிச்சை செய்தும், 1966-இல் புனர்வாழ்வு நிலையம் அமைய உழைத்தும் வந்த டாக்டர் மேரி வர்கீஸ் அவர்களின் வாழ்க்கை, உடற்குறையுடையோர்க்கு வழி திறந்துவிடின் அவர்கள் பிறர்க்கு வழியாவர் என்பதைக் காட்டும்.

கல்லூரி செய்யக்கூடியது

காலை பத்து மணிக்கு மாணாக்கரை இறக்கிவிட்டபின், கல்லூரி பஸ்கள் மாலை நான்கு மணி வரை மரத்தடியில் நிற்பது நம் மாவட்டங்கள் எங்கும் காணும் காட்சி. பிரிட்டனில் 1977-க்கு முன் திருச்சபை வண்டிகள் வாளா நின்றதை இது நினைவூட்டும். அவ்வாறு நிற்கும் பஸ்ஸை வாரம் ஒருநாள் அருகிலுள்ள கிராமங்களுக்கு அனுப்பி, முதியோரைத் தாலுகா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றாலென்ன என்று எவருக்கும் தோன்றும்.

இங்கும் சட்டம் குறுக்கே நிற்கின்றது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், கல்வி நிலையத்து பஸ் என்பது அந்நிலையத்தின் மாணவரையும் ஊழியரையும் அதன் காரியங்களுக்காக ஏற்றிச் செல்வதற்கு மட்டுமே உரியது என்று வரையறுக்கின்றது. சொந்தக் காரில் பணம் பெற்று ஆளேற்றுதலும் வாடகை வண்டிக்குரிய பெர்மிட் இன்றிக் கூடாது. பிரயாணிகளின் பாதுகாப்பையும், வாடகை ஓட்டிகளின் பிழைப்பையும் கருதி ஏற்பட்ட இவ்விதிகள் காரணமற்றவை அல்ல. ஆயினும், இலாபமின்றி முதியோரையும் உடற்குறையுடையோரையும் ஏற்றும் வண்டிக்கு எளிய தனி அனுமதியொன்று ஏற்படுமாயின், புதிய வண்டி ஒன்றும் வாங்காமலே பல கிராமங்களுக்கு வழி பிறக்கும். இதனை நம் பழைய மாணவர்களுள் சட்டம் வல்லாரும் ஆட்சியில் அமர்ந்தோரும் சிந்திப்பாராக. அனுமதி பெறாமல் ஆர்வத்தால் பஸ்ஸை அனுப்பிவிடுதல் தகாது. விபத்து நேரின் இன்ஷூரன்ஸ் கிடையாது போய், உதவப் போனது தீங்காய் முடியும்.

அதுவரையில் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டுமோ? வேண்டுவதில்லை. மாற்றுத் திறனாளியுடன் செல்லும் துணையாளுக்கும் நகரப் பஸ்ஸில் கட்டணமில்லை என்று மேலே கூறினோம். தமக்கென ஒரு துணையாள் இல்லாதவர்க்கு அச்சலுகையிற் பாதி வீணாகின்றது. அவ்விருக்கையில் அமரத் தக்கவர் நம் மாணவரே அல்லரோ? நாட்டு நலப்பணித் திட்டம் 1969 முதல் நம் கல்லூரிகளில் நடந்து வருகின்றது. ஆண்டுக்கொருமுறை கிராமத்திற்குச் சென்று தெருப்பெருக்கி வருவதோடு அமையாமல், அதன் உறுப்பினர் அருகிலுள்ள இரண்டொரு கிராமங்களில் ஒரு பதிவுப் புத்தகம் தொடங்கலாம். எவ்வீட்டில் தனித்து வாழும் முதியவர் உளர், எவர்க்கு மாதத்தில் எந்நாள் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், எந்த நிறுத்தத்தில் எத்தனை படி உயரம், எங்கே பாதை பழுது என்பனவற்றை எழுதிக்கொள்ளலாம். பின் முறைவைத்து ஒருவர்க்கு இருவராகத் துணைசென்று வரலாம். ஒரே நாளில் செல்லவேண்டியவர் நால்வர் இருப்பின், ஓர் ஆட்டோவை நால்வரும் பகிர்ந்து அமர்த்திக்கொள்ள உதவலாம். அவ்வட்டாரத்து ஆட்டோ ஓட்டுநரும் இதனால் பிழைப்பு இழவாது, ஒழுங்கான வேலை பெறுவர்.

இதில் சில விதிகள் காக்கப்படவேண்டும். துணைசெல்வோர் முதியவரின் பணத்தையோ பென்ஷன் புத்தகத்தையோ தம் கையில் வாங்குதல் கூடாது. பெண்டிருக்குப் பெண்மக்களே துணைசெல்லுதல் நன்று. பார்வையிழந்தவரை இழுத்துச் செல்லாமல், தம் முழங்கையை அவர் பற்றிக்கொள்ளச் செய்தல் வேண்டும். சக்கரநாற்காலியில் இருப்பவரை விட்டு, அவர் துணையாளிடம் மட்டும் பேசுதல் மரியாதையன்று. ஒப்புக்கொண்ட நாளில் தவறாது செல்லுதல் எல்லாவற்றினும் முக்கியம். பரீட்சைக் காலத்தில் இயலாதெனின் முன்னரே சொல்லி மாற்றாள் வைத்தல் வேண்டும். ஒருநாள் வாசலில் காத்திருந்து ஏமாந்த மூதாட்டி மறுமுறை எவரையும் நம்பமாட்டாள்.

இவ்வாறு ஓராண்டு எழுதி வைத்த பதிவுப் புத்தகம், அரசாங்கத்தாரிடம் கொண்டுபோய்க் காட்டுதற்குரிய சிறந்த விண்ணப்பமாகும். இத்தனை பேர், இன்ன கிழமையில், இன்ன இடத்திற்குச் செல்ல வழியின்றி இருக்கின்றனர் என்று பெயரும் நாளும் குறித்து எடுத்துரைப்பின், மினி பஸ்ஸின் நேரத்தை ஒரு மணி மாற்றுவதற்கும், நிறுத்தத்தில் ஒரு திண்ணை கட்டுவதற்கும், தனி அனுமதி பற்றிச் சிந்திப்பதற்கும் அதிகாரிகளுக்கு ஆதாரம் கிடைக்கும். பொதுவாக முறையிடுவதினும் கணக்கோடு முறையிடுவது வலிமையுடையது.

திமிர்வாதக்காரனைச் சுமந்த நால்வரின் பெயர்களை வேதம் கூறவில்லை. அவர்களிடம் வாகனமும் இல்லை. இருந்தது ஒரு படுக்கையும் எட்டுக் கைகளுமே. இக்கல்லூரியைச் சுற்றியுள்ள கிராமங்களில் அத்தகைய நால்வரை எதிர்நோக்கும் வீடுகள் எத்தனை என்பதை அறிவதே முதல் வேலை. அதனை வருகின்ற கல்வியாண்டின் முதற்பருவத்திலேயே தொடங்கலாம்.